10.44 – வாதி துடைத்தார்

அந்தப் பெண் என் அலுவலகத்துக்குள் வந்தபோது கையில் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. ஒரு தினசரி காலண்டர் இருந்தது. ஜவுளிக்கடைகளில் வருஷக் கடைசியில் கொடுப்பார்களே, அந்த மாதிரி அட்டைக் காலண்டர். 2017 ஜூன் மாதம். தேதித்தாள் கட்டு ஏறக்குறையப் பாதி கிழிபட்டிருந்தது. அவருக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜன்னலோரம் போய் நின்று கீழே சாலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இது எங்க அண்ணன் வரைஞ்சது சார். அண்ணன் பேரு எங்கயும் இல்லை."

காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். பேருந்துகள். ஒன்றன் தலைமேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி நாலைந்து பேருந்துகள். எல்லாவற்றிலும் கட்டம் கட்டமாக ஜன்னல்கள். ஒவ்வொரு பேருந்திலும் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் நிறம் பூசாமல் வெற்றுத் துணியாக விடப்பட்டிருந்தது. இடது மூலையில் ஓர் ஓவியரின் கையெழுத்து. மேலே கடைப்பெயர், எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பேருந்து அகலம்.

ஜன்னலோரம் நின்ற அந்த அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். வயது 43. பள்ளிக்கூடம் போனதில்லை, பெயர் எழுதத் தெரியாது. மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பாண்டியன் போக்குவரத்துக் கழக வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்திருக்கிறார். தங்கை, தங்கை வீட்டுக்காரர், தெருக்காரர்கள், அவர் போய்வந்த பகல்நேர மையத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த மையத்துக்கு வாரம் இரண்டு நாள் ஓர் ஓவியர் வருவார். கும்பகோணத்திலோ சென்னையிலோ முறையாகப் படித்தவர்கள் பலர் செய்யாத வேலையை அவர் செய்தார். நாலு வருஷம், சம்பளம் வாங்காமல், தன் காசில் கேன்வாஸ் வாங்கிக்கொண்டு வந்து, அண்ணனோடு தரையில் உட்கார்ந்து ஒரே துணியில் இருவருமாக வரைந்தார். அண்ணன் அவரை மாஸ்டர் என்பார். இப்படிப் பதினோரு படங்கள். ஒரு நாள் அவை சென்னையில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போயின. அங்கே மாஸ்டர் பெயர் மட்டும் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மையத்துக்கு ஒரு வரி நன்றி. மூன்று படங்கள் விற்றுப்போயின. அவற்றில் ஒன்றின் அச்சு உரிமையை வாங்கித்தான் ஜவுளிக்கடை காலண்டர் போட்டிருந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் பாகப்பிரிவினையும் வாடகை வழக்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐ அதற்குமுன் நான் முழுசாகப் படித்ததில்லை. படித்தபோது 2(இசட்) பிரிவில் கண் நின்றது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து உழைத்து, ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி உண்டாக்கிய படைப்பு கூட்டுப் படைப்பு. பாகப்பிரிவினை வக்கீலுக்கு இது தலைகீழான சங்கதி. எங்கள் தொழிலில் பிரிக்க முடிந்தால்தான் பங்கு. இங்கே பிரிக்க முடியாமல் இருந்தால்தான் பங்கு. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்ற பிறகும் படைத்தவருக்கு இரண்டு உரிமைகளை விட்டுவைக்கிறது. இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். தன் பெயர் கெடும்படி யாராவது அதைச் சிதைத்தால் தடுக்கலாம். இதற்கு எல்லோரும் காட்டும் தீர்ப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தின் அமர்நாத் சேகல் வழக்கு, 2005. விஞ்ஞான் பவனில் அவர் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், ஐந்து லட்சம் நஷ்டஈடு தரவும் தீர்ப்பானது. அதையும் நகலெடுத்துக் கட்டில் சேர்த்தேன். சேர்த்தேனே தவிர ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வழக்கு போடுவதில் முதல் சிக்கல், வாதி யார் என்பது. அண்ணன் தனியாக வக்காலத்தில் கைநாட்டு வைத்தால் நாளைக்கே எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 32, விதி 15 இருக்கிறது. மனநலிவு காரணமாகத் தன் நலனைக் காத்துக்கொள்ள இயலாதவர் என்று நீதிமன்றம் விசாரித்துக் கண்டால், மைனருக்குப் போலவே அவருக்காக இன்னொருவர் நெக்ஸ்ட் ஃபிரெண்டாக வழக்கு நடத்தலாம். அதற்கு ஒரு மனு, தங்கையின் பிரமாணப் பத்திரம். தட்டச்சு ஆனதும் வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். "மேற்படி வாதி தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர் என்றும், எதையும் சுயமாகத் தீர்மானிக்கும் திறன் அற்றவர் என்றும்…"

"அண்ணன் முன்னாடி இதைப் படிக்கணுமா சார்?" என்றார் தங்கை.

அண்ணன் என் குமாஸ்தாவின் ஸ்டாப்ளரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தை மனசுக்குள் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினேன். அதே மேஜையில், அதே மத்தியானம், பிராதின் ஏழாவது பத்தியில் எழுதியிருந்தேன்: படத்தில் எது வரவேண்டும், எது கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வாதியே தீர்மானித்தார்.

இரண்டும் பச்சைத்தாளில்தான். இரண்டிலும் என் கையெழுத்து.

ஆகஸ்டில் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். பதிப்புரிமை வழக்கு அதற்குக் கீழே போகாது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவர், குரலை உயர்த்தாமல் கழுத்தை அறுப்பவர். முதல் வாய்தாவிலேயே மனுவையும் பிராதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஐயா, இந்தத் தாளில் இவருக்குத் தீர்மானிக்கும் திறன் இல்லை. இந்தத் தாளில் தீர்மானித்தது இவர்தான். கற்றறிந்த நண்பர் எந்தத் தாளை நம்பச் சொல்கிறார்?" என்றார். கோர்ட் ஹாலில் பின்வரிசை ஜூனியர்கள் சிரித்தார்கள்.

தயாராகத்தான் போயிருந்தேன். வழக்கு நடத்தும் தகுதி வேறு, வரையும் தகுதி வேறு. ஐந்து வயதுக் குழந்தை வரைந்தாலும் படம் குழந்தையுடையதே. ஒப்பந்தச் சட்டம் தெளிந்த புத்தி கேட்கிறது, பதிப்புரிமைச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2007-இல் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி – மோதக் வழக்கில் ஒரு படைப்புக்கு வேண்டியது உழைப்போடு கொஞ்சம் சொந்தத் தேர்வும் படைப்புத்திறனும் என்றுதான் சொன்னது. நீதிபதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். சட்டத்தில் என் பதில் சரி. ஆனால் "எதையும் சுயமாகத் தீர்மானிக்கும் திறன் அற்றவர்" என்ற சொற்கள் எந்தச் சட்டத்திலும் இல்லை. விதி கேட்டது நலனைக் காத்துக்கொள்ள இயலாமை மட்டும். மிச்சத்தை நான் பழைய மாதிரி மனு ஒன்றிலிருந்து அப்படியே இறக்கியிருந்தேன். அதுவும் எந்த வருஷத்தில்! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அந்த ஏப்ரல் 19-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 13-ஆம் பிரிவு வாழ்வின் எல்லாத் துறையிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதியைச் சொல்கிறது. 14-ஆம் பிரிவின் விளக்கமோ, வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறை என்பதே இருவரும் நம்பிக்கையின் பேரில் சேர்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு, அது அந்த நபரின் விருப்பப்படி நடக்க வேண்டும் என்கிறது. திருத்த மனு போட்டு அந்த வரியை எடுத்தேன்.

எதிர்த்தரப்பின் அடுத்த வாதம் நாட்டுப்புறமாக வந்தது. கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுத்த சித்தாள், வீடு என்னுடையது என்று கேட்கலாமா? நான் விடவில்லை. இங்கே சாயம் குழைத்துக் கொடுத்தது யார், மாஸ்டர்தானே, அப்படியானால் சித்தாள் யார் என்று திருப்பினேன். அன்று எனக்கு அது பெரிய வெற்றி. இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த மனிதர் நாலு வருஷம் முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்தவர். அவருடைய கையும் அந்தப் படங்களில் இருந்தது, பொய்யில்லை. அவரைச் சித்தாளாக்கினால்தான் என் கட்சிக்காரர் கொத்தனார் ஆவார் என்று நினைத்தது வக்கீல் புத்தி.

"இப்படிப்பட்டவர்களை ஓவியர்களாக எங்கேயாவது ஏற்றிருக்கிறார்களா?" என்று நீதிபதி கேட்டார். என் ஜூனியர் தேடிக்கொண்டு வந்தாள். கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரில் கிரியேட்டிவ் குரோத் என்ற ஓவியக்கூடம் 1974 முதல் நடக்கிறது; வரைபவர்கள் எல்லோரும் வயதுவந்த மாற்றுத்திறனாளிகள்; படங்கள் அவரவர் பெயரில் விற்கின்றன. அங்கே ஜூடித் ஸ்காட் என்று ஒரு பெண்மணி. டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது. ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டவரை, முப்பத்தைந்து வருஷம் போல் கழித்து இரட்டைச் சகோதரி மீட்டுக்கொண்டு வந்து 1987-இல் அங்கே சேர்த்தார். வெகுநாள் எதிலும் ஒட்டாமல் இருந்தவர், நூலைக் கையில் எடுத்த பிறகு நிறுத்தவே இல்லை. கிடைத்த பொருளை உள்ளே வைத்து நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றி ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். 2005-இல் இறந்தார். எங்கள் வழக்கு நடந்த அதே 2017-இல் அவருடைய சிற்பங்கள் வெனிஸ் பியனாலேயில் இருந்தன. நீதிபதி படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதில் ஒரு கைதானே? உங்கள் வழக்கில் இரண்டு கை" என்றார். சரியான கேள்வி.

அதற்குத்தான் அட்வகேட் கமிஷனர் கேட்டு மனு போட்டேன். இருவரும் எப்படி வரைகிறார்கள் என்று நேரில் பார்த்து அறிக்கை தரட்டும். கமிஷனரை வைத்துச் சாட்சியம் திரட்டக் கூடாது என்று வழக்கமான ஆட்சேபணை. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், அபிப்பிராயம் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு மனு அனுமதிக்கப்பட்டது. மாஸ்டரும் வருவதாக ஒப்புக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை.

நியமிக்கப்பட்டவர் தொழிலுக்கு வந்து ஐந்து வருஷமான பெண் வக்கீல். அதுவரை அவர் எழுதிய அறிக்கைகள் எல்லாம் வரப்பு, கிணறு, தென்னை மரம் பற்றியவை. இதையும் அப்படியே எழுதினார். என் தொழில் வாழ்க்கையில் நான் படித்த மிக நல்ல கலை விமர்சனம் அதுதான். என்னிடம் உள்ள நகலிலிருந்து நினைவில் நிற்பதைச் சொல்கிறேன். கேன்வாஸ் 6 அடிக்கு 4 அடி, அளவு நாடாவால் அளக்கப்பட்டது. காலை 10.15-க்கு முதல் பிரதிவாதி (மாஸ்டர்தான்) அடித்தளமாக வெளிர்நீலம் பூசினார். 10.30-க்கு வாதி கரியால் கட்டங்கள் போட்டார், எண்ணிக்கை 23. 10.42-க்கு முதல் பிரதிவாதி வலது ஓரத்தில் மஞ்சள் பூசினார். 10.44 – வாதி துணியால் அந்த மஞ்சளைத் துடைத்தார். 10.51-க்கு முதல் பிரதிவாதி மறுபடி மஞ்சளைத் தொட்டுவிட்டு, பூசாமல் தூரிகையைக் கழுவினார். 11.20-க்கு வாதி சிவப்பை முதல் பிரதிவாதியின் கையில் கொடுத்து, ஒரு கட்டத்தை விரலால் காட்டினார். முதல் பிரதிவாதி அதைப் பூசினார். பகல் 12.35-க்கு வாதி "போதும்" என்று சொல்லித் தூரிகையைத் தலைகீழாகத் தகரக்குவளையில் செருகினார். முதல் பிரதிவாதி மேலும் பூச முற்பட்டபோது வாதி குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கட்டம் பூசப்படாமல் உள்ளது. வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. அந்த வரைபடத்தில் பூசாத கட்டத்துக்கு 'அ' என்று குறியிட்டு, வடக்கு எது தெற்கு எது என்றும் காட்டியிருந்தார்!

அறிக்கை வந்து இரண்டாவது வாய்தா. நீதிமன்றத் தாழ்வாரத்தில், தேநீர்க்கடை பக்கம், மாஸ்டர் தானாக வந்து நின்றார். எதிர்க்கட்சிக்காரரோடு அவர் வக்கீல் இல்லாமல் பேசக் கூடாது. "உங்க சீனியர் வரட்டும்" என்றேன். "வழக்கு பேச வரலைங்க" என்று சொல்லிவிட்டுப் பேசினார்: "நாலு வருஷமா அவர் துடைக்கிறதை நான் சேட்டைன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள மறுபடி பூசிடுவேன். சில தடவை பூசலை. ஏன் பூசலைன்னு ரிப்போர்ட்டைப் படிச்ச பிறகுதான் யோசிச்சேன். அவர் துடைச்சதுதான் சரியா இருந்துச்சு சார். அவ்வளவுதான்." கண்ணைத் துடைக்கவெல்லாம் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

விதி 15-இன்படியான விசாரணையை நீதிபதி தன் அறையில் வைத்துக்கொண்டார். அங்கியைக் கழற்றிவிட்டு, எழுந்து வந்து அண்ணன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பெயர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், இவங்க யாரு. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு காலண்டரைக் கையில் கொடுத்து, "இது என்ன?" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை. அட்டையின் அடிப்பக்கம் அடித்திருந்த தேதித்தாள் கட்டுக்குக் கீழே விரலை விட்டு மெல்லத் தூக்கி, குனிந்து, உள்ளே பார்த்தார். அங்கே, ராகுகாலம் எமகண்டத்துக்குப் பின்னால், இரண்டு சக்கரங்கள் இருந்தன. அத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நான் பார்த்ததில்லை.

"மூடிட்டாங்க" என்றார்.

57-ஆம் பிரிவின் சிதைப்பைப் பற்றி நான் எழுதியிருந்த நாலு பக்கம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்காது. நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பஸ்."

"வீட்டுக்குப் போகணும்னு சொல்றாருங்கய்யா. வெளியில வந்தாலே இதைத்தான் கேப்பாரு" என்றார் தங்கை. எல்லோரும் சிரித்தோம். என்னிடமும் வரும்போதெல்லாம் "பஸ் எங்க?" என்று கேட்டிருக்கிறார், சிம்மக்கல் போகிற வண்டி எங்கே நிற்கும் என்று நானும் பொறுப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு வழக்கு சமரசத்துக்கு வந்தது. பதினோரு படங்களுக்கும் இருவரும் கூட்டுப் படைப்பாளிகள். எங்கே காட்டினாலும் இரண்டு பெயர். விற்ற பணத்தில் பாதி. காலண்டர் இனி அச்சிடப்படாது, அச்சிட்டதற்கு ஒரு தொகை. அண்ணன் பங்குக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். நெக்ஸ்ட் ஃபிரெண்ட் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும், அது ஆணை 32 விதி 7, அதுவும் கிடைத்தது. பணத்தை வங்கியில் போடப் போனால், தங்கை சட்டப்படியான காப்பாளர் என்று சான்று கேட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு அலைந்தது தனிக் கதை, அதை விடுகிறேன்.

சமரச மனுவில் அண்ணனும் கைநாட்டு வைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சட்டப்படி தேவையில்லை. மை ஒற்றிய பெருவிரலைத் தாளில் பதித்தார். பார்த்தார். மேஜைமேல் கிடந்த என் பேனாவை எடுத்து ரேகைக்குக் கீழே இரண்டு சக்கரம் போட்டார். பெஞ்ச் கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டு வேறு தாள் அடிக்கச் சொன்னார். அடித்தோம். இந்தமுறை தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் மறுபடியும், "பஸ் எங்க?" என்றார். நான் கையை நீட்டி நிறுத்தத்தைக் காட்டினேன். அன்று துணைக்கு வந்திருந்த மையத்து ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏறிப்போற பஸ்ஸ கேக்கல சார். அந்தப் பெரிய படம். காலண்டர்ல போட்டாங்களே, அது. அதைத் தூக்கிட்டுப் போன நாள்லருந்து தம்பி இதைத்தான் கேக்குது."

அறைக்கு வந்து பிராதை எடுத்துப் பரிகாரப் பத்தியைப் படித்தேன். விளம்புகை, நிரந்தரத் தடை, கணக்கு ஒப்படைப்பு. படத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு வரி இல்லை. வாங்கியவரைக் கட்சியாகச் சேர்க்கவும் இல்லை. கட்டின் நடுவே சேகல் தீர்ப்பு இருந்தது. அதில் அந்தச் சிற்பிக்குத் திரும்பக் கிடைத்ததே தன் சிற்பம்தான். கேட்டிருந்தாலும் நியாயமாக விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து கிடைத்திருக்குமா என்பது வேறு. நான் கட்சிக்காரரைக் கேட்கவில்லை. அவர் தீர்மானிக்கத் தெரிந்தவர் என்று எட்டு மாதம் வாதாடினேன்.

மாஸ்டர்தான் வாங்கியவருக்குக் கடிதம் போட்டார். படம் பெங்களூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்தது. தருவதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே அதே அளவில் நல்ல தாளில் அச்சிட்ட பிரதி ஒன்றும். அண்ணன் அதை விரித்து, ஜன்னல் ஒன்றை விரலால் தடவிப் பார்த்து, "பேப்பர்" என்று சொல்லிச் சுருட்டி வைத்துவிட்டாராம்.

இப்போதும் வாரம் இரண்டு நாள் மாஸ்டர் வருகிறார். வேறு பேருந்துகள் வருகின்றன. 2019-இல் வைப்புத்தொகையைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்கத் தங்கை போன் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அண்ணன் குரல்.

"யாரு?"

"கோட்டு சார்ண்ணே."

"பஸ் கொண்டாறாரா?"

தங்கை ஏதோ சமாதானம் சொன்னார், சரியாகக் கேட்கவில்லை. காப்பாளர் சான்றின் நகலும் பான் கார்டு நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.